தாத்தாவோட புல்லட் இங்கிலாந்து வண்டியா, திருவொற்றியூர் வண்டியா? கண்டுபிடிப்பது எப்படி?

பழைய பீங்கான் கோப்பை ஒன்று கையில் கிடைத்தால், விவரம் தெரிந்தவர்கள் மேலே இருக்கும் பூ டிசைனைப் பார்க்க மாட்டார்கள். கவிழ்த்து, அடியில் இருக்கும் முத்திரையைத்தான் பார்ப்பார்கள். செராமிக் தொழிற்பேட்டை இருக்கிற விருத்தாசலத்துக்காரங்களுக்கு இதைத் தனியா சொல்லித்தர வேண்டியதில்லை. பழைய பைக்குக்கும் இதே கதைதான். டேங்கில் என்ன எழுதியிருக்கு, எவ்வளவு பளபளக்குதுங்கிறதெல்லாம் அப்புறம். முதல்ல முத்திரை எங்கேன்னு தேடணும்.

மாட்டுக்கொட்டகையிலோ, மாடிப்படிக்கு அடியிலோ சாக்கு போர்த்திக் கிடக்கும் புல்லட் தமிழ்நாட்டுல இன்னும் நிறைய வீடுகளில் இருக்கு. அதைக் காயலான் கடை விலைக்குக் கேட்டு வர்றவங்களும் உண்டு. 'ஒரிஜினல் இங்கிலாந்து வண்டி' என்று சொல்லி 70-கள்ல செஞ்ச வண்டியை லட்சங்களில் விற்பவர்களும் உண்டு. இந்த ரெண்டு பேரிடமும் ஏமாறாமல் இருக்கவும், கையில் இருக்கும் வண்டியை நாமே கெடுத்துவிடாமல் இருக்கவும்தான் இந்தக் கட்டுரை.

புல்லட் இங்கே வந்த கதை

புல்லட் என்ற பெயர் 1932-லேயே இங்கிலாந்தில் வந்துவிட்டது. ஆனா நாம் புல்லட்னு சொல்ற வடிவம், அதாவது பின்சக்கரத்துக்கு ஷாக் அப்சார்பர் வைத்த 346 சிசி வண்டி, 1949 மாடலாக வந்ததுதான். அதே 1949 முதல் இந்தியாவிலும் ராயல் என்ஃபீல்டு விற்பனை ஆரம்பித்தது. மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இறக்குமதி செய்து விற்றது. 50-களின் தொடக்கத்தில், எல்லையில் ரோந்து போக ராணுவத்துக்கு உறுதியான பைக் தேவைப்பட, நூற்றுக்கணக்கில் புல்லட்டுக்கு ஆர்டர் போனது. 1955-ல் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் இருந்த தாய் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பித்தன. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது.

அங்கே முதலில் நடந்தது முழு உற்பத்தி இல்லை. உதிரி உதிரியாகக் கப்பலில் வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். 1956 முடிவதற்குள் அப்படி வெளியே வந்தவை வெறும் 163 வண்டிகள். 1957-ல் பாகங்களைச் செய்வதற்கான கருவிகளையே வாங்கி வந்தார்கள். 60-களின் தொடக்கத்தில் கிட்டத்தட்ட எல்லாப் பாகமும் இங்கேயே தயாரானது. ரெட்டிச் ஆலை பிறகு மூடப்பட்டது. திருவொற்றியூரோ 1955-ம் வருஷத்து டிசைனையே பெரிய மாற்றமில்லாமல் பல பத்தாண்டுகள் செய்துகொண்டிருந்தது.

குழப்பமே இங்கேதான். வெளித்தோற்றத்தில் 1955 வண்டியும் 1975 வண்டியும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அதனால் உங்கள் வண்டி மூன்றில் எது என்பதுதான் கேள்வி: முழுசா ரெட்டிச்சில் செய்து இறக்குமதியானதா, அங்கிருந்து வந்த பாகங்களைத் திருவொற்றியூரில் பூட்டியதா, முழுக்க இங்கேயே செய்ததா? முதல் ரெண்டும் அபூர்வம். மூணாவது அபூர்வம் இல்லைன்னாலும் மட்டம் கிடையாது. உண்மையைச் சொல்லி வாங்கினா அதுவும் அருமையான வண்டிதான்.

நம்பர் பேசும்

ஹேண்டில்பார் தண்டு நுழையும் ஸ்டீயரிங் ஹெட்டில் சேஸிஸ் நம்பர் இருக்கும். சிலிண்டர் உட்காரும் இடத்துக்குக் கீழே, கிராங்க்கேஸில் இன்ஜின் நம்பர். அறுபது வருஷத்துப் பெயின்ட், கிரீஸ், மண் எல்லாம் சேர்ந்து மூடியிருக்கும். உப்புத்தாள், கிரைண்டர் எதையும் அங்கே கொண்டுபோகாதீங்க. பெயின்ட் ரிமூவர் தடவி, ஊறவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தாலே போதும். தேய்ந்த எழுத்து தெரியலைன்னா, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து போட்டோ எடுங்க. நிழல் விழுந்து எழுத்து எழும்பும்.

350 சிசி புல்லட்டுக்கு ரெட்டிச் வைத்த மாடல் குறியீடு 'ஜி2'. இன்ஜின் நம்பரின் தொடக்கத்தில் இது இருந்தால் நல்ல அறிகுறி. ஆனா அது மட்டுமே சாட்சி ஆகாது. ஏன்னா அந்தக் குறியீட்டை இங்கேயும் தொடர்ந்தார்கள். இங்கிலாந்தில் உள்ள ராயல் என்ஃபீல்டு ஓனர்ஸ் கிளப்பிடம் ரெட்டிச் ஆலையின் பழைய பேரேடுகள் இருக்கின்றன. நம்பர்களையும் போட்டோவையும் அனுப்பினால், எந்தத் தேதியில் ஆலையை விட்டு வெளியே போனது என்று பார்த்துச் சொல்லும் சேவை உண்டு. 'இங்கிலாந்து வண்டி' என்று யாராவது விலை சொன்னால், அந்தச் சான்றிதழைக் கேளுங்க. பேச்சு பாதியில் நின்றுவிடும்.

நம்பரின் எழுத்துகள் கோணல் மாணலாக, ஆழம் மாறி மாறி இருந்தாலோ, சுற்றியுள்ள உலோகம் மட்டும் தனியாக வழவழன்னு இருந்தாலோ எழுந்து வந்துடுங்க. மறுபடி பஞ்ச் பண்ணிய நம்பர் என்றால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் மட்டுமல்ல, போலீஸ் ஸ்டேஷனிலும் பதில் சொல்ல வேண்டிவரும்.

பாகங்கள் சொல்லும் வயசு

நம்பரைப் பார்த்தாச்சா? இனி ஹெட்லைட். முள்மீட்டர், அம்மீட்டர் எல்லாம் ஒரே கூட்டுக்குள் அடங்கி, மேலே ரெண்டு பக்கமும் குட்டி விளக்கு வைத்திருக்கும் அந்த 'புலிக்கண்' முகம் 1954 மாடலில்தான் வந்தது. அதற்கு முந்தைய வண்டிகளில் ஹெட்லைட் தனியாகத் தொங்கும். ஆக, 1951 மாடல் என்று சொல்லிக்கொண்டு புலிக்கண்ணோடு ஒரு வண்டி நின்றால், ஒன்று வருஷம் பொய், இல்லை முகம் மாற்றப்பட்டது.

அடுத்து கரன்ட் எங்கிருந்து வருதுன்னு பாருங்க. 1955 வரையிலான ரெட்டிச் வண்டிகளில் லூகாஸ் 'மேக்டைனோ' இருந்தது. மேக்னெட்டோவும் டைனமோவும் ஒன்றின்மேல் ஒன்றாக, சிலிண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். பிறகு வந்தவற்றில் ஆல்டர்னேட்டர், காயில், டிஸ்ட்ரிபியூட்டர். இதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. காயில் வைத்த புல்லட்டில் அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும் வரை கிக்கரை மெதுவாக இறக்கி, டீகம்ப்ரஸரை அழுத்தி, கொஞ்சம் தள்ளி, அப்புறம் உதைப்பார்கள் இல்லையா? அந்த வித்தை மேக்னெட்டோ வண்டியில் செல்லாது. அங்கே பற்றவைக்கும் கரன்ட் பேட்டரியிலிருந்தே வருவதில்லை. பெரியப்பா 'முள்ளைப் பார்த்து உதைடா' என்று சொல்லிக்கொடுத்த வண்டி என்றால், அது அநேகமாகப் பிந்தையது.

லூகாஸ் பாகங்கள் பலவற்றில் மாதமும் வருஷமும் பொடி எழுத்தில் குத்தியிருக்கும். மேக்டைனோ, ஹாரன், ஹெட்லைட் மூன்றும் ஏறக்குறைய ஒரே காலத்தைக் காட்டினால் வண்டி கலைக்கப்படாமல் இருக்கிறது என்று அர்த்தம். ஸ்மித்ஸ் ஸ்பீடோமீட்டர் மைலில் இருந்தால் பழசு. கிலோமீட்டர் அளவு இங்கே பரவலானது அதற்குப் பிறகுதான். கார்புரேட்டரில், அடித்தொட்டியும் உடலும் ஒரே வார்ப்பாக இருக்கும் ஆமல் 'மோனோபிளாக்' 1955-ல் வந்தது. மிதவைக்குத் தனித் தொட்டி வைத்தது அதற்கு முந்தையது. மிக்கார்ப் இருந்தால் யாரோ பின்னால் மாற்றியது. தப்பில்லை, வண்டி ஓடணுமே! ஆனா விலை பேசும்போது ஞாபகம் வச்சுக்கோங்க.

70, 80-கள்ல வந்த வண்டிகளின் டேங்கில் 'என்ஃபீல்டு' என்றுதான் இருக்கும். ராயல் என்ற பட்டத்தை இந்திய நிறுவனம் 90-களில்தான் திரும்பச் சூட்டிக்கொண்டது. 1978 வண்டிக்கு 'ராயல் என்ஃபீல்டு' ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருப்பதைப் பார்த்தால், மீதி வேலையையும் அவர் அதே அக்கறையோடுதான் செய்திருப்பார்.

புல்லட்டையே தேடிக்கொண்டிருந்து பக்கத்தில் கிடப்பதை விட்டுவிடாதீர்கள் என்பதையும் சொல்லணும். அதே நிறுவனம் 60-களில் 'ஃபென்டாபுலஸ்' என்ற ஸ்கூட்டரையும், 'ஷெர்பா' என்ற சின்ன பைக்கையும் வில்லியர்ஸ் டூ ஸ்ட்ரோக் இன்ஜினோடு விற்றது. இன்று அவற்றைப் பார்ப்பது புல்லட்டைப் பார்ப்பதைவிடக் கஷ்டம். அடையாளம் தெரியாமல் எடைக்குப் போனவை எத்தனையோ.

கழற்றுவதற்கு முன்னால்...

அழுக்கோடு, துருவோடு, சிலந்தி வலையோடு நூறு போட்டோ எடுங்க. எந்த ஒயர் எங்கே போகுது, எந்தப் பக்கம் வாஷர், எல்லாமே. கழற்றிய ஒவ்வொன்றையும் தனித்தனி கவரில் போட்டுப் பெயர் எழுதுங்க. உடைந்து போன பழைய பாகத்தைக்கூடத் தூக்கி எறியாதீங்க. மாற்று கிடைக்காதபோது லேத்தில் செய்து வாங்க அதுதான் மாதிரி.

இது பழைய இங்கிலீஷ் மரை. நம்ம வீட்டு மில்லிமீட்டர் ஸ்பேனர் கிட்டத்தட்ட பொருந்துகிற மாதிரி இருக்கும், நட்டின் மூலையைத் தின்றுவிடும். இன்ச் ஸ்பேனர் செட் வாங்குங்கள். மில்லிமீட்டர் போல்ட்டைத் திணித்து அலுமினிய மரையை நாசம் பண்ணிய கிராங்க்கேஸ்கள் ஊருக்கு ஊர் கிடக்கின்றன.

இன்ஜினைப் பொறுத்தவரை, பல வருஷம் நின்ற வண்டியை ஆர்வத்தில் உடனே உதைக்காதீர்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு ஒரு நாள் ஊறவிடுங்க. கையால் மெதுவாகச் சுற்றிப் பார்த்து, பிஸ்டன் நகர்ந்தால்தான் அடுத்த பேச்சு. பழைய புல்லட்டின் பிக் எண்டில் ரோலர் பேரிங் கிடையாது, மிதக்கும் புஷ்தான். ஆயில் சுத்தமாக இருக்கும்வரை அது நன்றாகவே உழைக்கும். மண் கலந்தால் சீக்கிரம் போய்விடும். அதனால்தான் அலுமினியக் கிராங்க்கேஸை மணல் அடித்துச் சுத்தம் செய்யும் பட்டறைகளைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. பளிச்சென்று வரும், உண்மை. ஆனா ஆயில் வழிகளில் ஒளிந்துகொள்ளும் மணல் நூறு கிலோமீட்டருக்குள் இன்ஜினைக் காலி பண்ணிடும்.

டேங்க் ஓட்டையாக இருந்தால் வெல்டிங் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீங்க. பத்து வருஷம் காலியாகக் கிடந்த டேங்கிலும் பெட்ரோல் ஆவி தங்கியிருக்கும், நெருப்பு பட்டால் வெடிக்கும். விவரம் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்க. இப்போது பங்க்கில் கிடைக்கும் 20 சதவிகித எத்தனால் பெட்ரோல், பழைய ரப்பர் குழாய்களுக்கும் சீல்களுக்கும் ஒத்துக்கொள்ளாது. அவற்றை எத்தனால் தாங்கும் ரகத்தில் மாற்றிவிட்டு, ஓட்டாத மாதங்களில் டேங்கைக் காலியாக வையுங்கள்.

பெயின்ட் விஷயத்தில்தான் பெரும்பாலான வண்டிகள் சாகின்றன. எல்லாவற்றையும் உரித்து, பார்க்கிற இடமெல்லாம் குரோம் போட்டால் கல்யாண மண்டப வாசலில் நிற்க நன்றாக இருக்கும். ஆனால் ஆலையில் அடித்த பெயின்ட் ஒருமுறைதான் அடிக்கப்பட்டது. டேங்கில் அந்தக் காலத்துத் தங்கக் கோடு பாதி அழிந்து கிடந்தாலும், அது ஒரு ஆள் கையால் இழுத்தது. அப்படியே மெழுகு போட்டுக் காப்பாற்றுவதே என் ஓட்டு. அடித்தே ஆகணும்னா, சீட்டுக்கு அடியிலோ டூல் பாக்ஸுக்குள்ளோ வெயில் படாத இடத்தில் பழைய நிறம் மிச்சமிருக்கும். அதை வைத்து கலர் பிடிங்க.

உதிரி பாகத்துக்கு சென்னை புதுப்பேட்டை ஒரு நாள் முழுக்கச் சுற்றணும். பழைய பாகத்தைக் கையில் கொண்டுபோங்க. பெயர் சொல்லிக் கேட்டால் புதுசை நீட்டுவார்கள்.

ஆர்.சி. இல்லாட்டி வண்டி இல்லை

'எம்' எழுத்தில் ஆரம்பிக்கும் நம்பர் பிளேட் என்றால் மெட்ராஸ் மாநில காலத்தது, 'டி' என்றால் தமிழ்நாடு ஆன பிறகு. டிஎன் 31 மாதிரியான இன்றைய முறை 1989-ல் வந்தது. பழைய ஆர்.சி. தாத்தா பெயரில் இருந்து, அவர் இறந்துவிட்டால், வாரிசு பெயருக்கு மாற்ற படிவம் 31. ஆர்.சி. தொலைந்திருந்தால் நகல் கேட்க படிவம் 26. பழைய பதிவுகள் கையெழுத்துப் பேரேட்டில் இருப்பதால் கம்ப்யூட்டரில் வராது; ஆர்.டி.ஓ. ஆபீஸில் தேடியெடுத்து ஏற்றச் சொல்லணும். நாலு நடை ஆகும். ராணுவ ஏலத்தில் எடுத்த வண்டி என்றால் ஏலப் பத்திரம் இல்லாமல் பணம் கொடுக்காதீங்க.

2021-ல் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டியிருக்கணும். சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவில் இருக்கணும். பரிவாகன் தளத்தில் விண்ணப்பிக்கலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. பதிவு 10 வருஷம் செல்லும். நம்பரில் மாநில எழுத்துக்கு அடுத்து 'விஏ' என்று வரும். ஏற்கெனவே பதிவான வண்டி என்றால் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது.

ஒரு கண்டிஷன் உண்டு. விண்டேஜாகப் பதிந்த வண்டியை தினமும் ஆபீஸுக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, விண்டேஜ் ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பராமரிப்புக்கு என்றுதான் ரோட்டில் இறக்கலாம். வார நாளில் கடலூர் வரை ஒரு ரவுண்டு போகணும்னு ஆசை இருந்து, பழைய ஆர்.சி.யும் உயிரோடு இருந்தால், அதையே எஃப்.சி. எடுத்துப் புதுப்பித்து ஓட்டுவதுதான் புத்திசாலித்தனம்.

எல்லாம் முடிந்து முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும்போது ராக்கர் கவரைத் திறந்து, ஆயில் மேலே ஏறி வருகிறதா என்று பாருங்க. வரலைன்னா உடனே நிறுத்திடுங்க. ரோட்டில் இறக்கும்போது இன்னொன்று: இதில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. புதுசா பைக் ஓட்டிப் பழகிய கால், அவசரத்தில் பிரேக் என்று நினைத்து கியரைத்தான் மிதிக்கும். முதல் வாரம் காலி மைதானத்தில் ஓட்டுங்க.