தேங்காயில் எண்ணப்பட்ட விலை

நுண்ணினப் பொருளியலைப் பயிலத் தொடங்கும் மாணவர் முதலில் மனனம் செய்யும் கருத்துகளுள் ஒன்று வாய்ப்புச் செலவு. ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கைவிடப்படும் அடுத்த சிறந்த வாய்ப்பின் மதிப்பே அது. பாடநூலில் வறண்ட வரையறையாக நிற்கும் இக்கருத்து, நிக்கோபார்த் தீவுகளின் வரலாற்றில் கண்ணால் காணத்தக்கதாக இருந்தது.

முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி மாநக்கவாரம் என்று குறிக்கும் இத்தீவுகள், வங்கக் கடலைக் கடக்கும் கப்பல்களின் வழியில் அமைந்தவை. வணிகர் துணி, அரிசி, இரும்புக் கத்தி, புகையிலை ஆகியவற்றைக் கொணர்ந்தனர். தீவினர் தேங்காய் அளித்தனர். 1869-இல் தீவுகள் ஆங்கிலேயர் வசமாயின. 1894-இல் தலைமை ஆணையராக வந்த ரிச்சர்ட் டெம்பிள், செலாவணியின் தோற்றம் பற்றி 1899-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பண்டமாற்று, செலாவணி, பணம் ஆகிய மூன்றையும் வேறுபடுத்திய அவருக்கு நிக்கோபார் முதன்மையான சான்றாயிற்று. அங்கே தேங்காய் வெறும் மாற்றுப் பண்டம் அன்று. பிற பொருள்களின் மதிப்பை அளக்கும் கோலும் அதுவே. மொழியும் இதற்கு இசைந்தது: நிக்கோபாரியர் தேங்காயை இணை இணையாகவும் இருபது இருபதாகவும் எண்ணினர்.

இந்த அளவுகோலுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. வெள்ளி நாணயத்தை உண்ண இயலாது. தேங்காயை உண்ணலாம், அதன் இளநீரைப் பருகலாம், பன்றிக்கும் கோழிக்கும் தீனியாக இடலாம், நட்டு மரமாக்கலாம். ஆகவே ஒரு துணியின் விலை இத்தனை இணை என்றால், அத்தனை இணை தீனியைப் பன்றி இழந்தது என்றும் பொருள். பன்றியோ விருந்துக்கும் சடங்குக்கும் இன்றியமையாதது. விலையும் வாய்ப்புச் செலவும் இங்கே ஒரே காயில் அடங்கின. குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதியையும் இதிலேயே காணலாம்: தாகம் தீர்க்கும் முதற்காய்க்கு உள்ள மதிப்பு, தேவைகளெல்லாம் நிறைவேறியபின் எஞ்சும் காய்க்கு இல்லை. எஞ்சியதே கப்பலேறத் தக்கது.

எனினும் இச்சந்தை சமனானதன்று. துணி பிற துறைமுகங்களில் என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதை வணிகர் அறிவர், தீவினர் அறியார். தகவல் ஒருபுறம் குவிந்தால் பேரம் அப்பக்கமே சாயும். விடுதலைக்குப்பின் 1956-இல் வந்த பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதி, வெளியார் நுழைவையும் வணிகத்தையும் கட்டுப்படுத்தியதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கொள்ளத்தக்கது.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தென்னந்தோப்புகளை அழித்தது. நிவாரணம் பணமாகவும் வந்தது. புதிதாக நட்ட தென்னை காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை உணவும் தீனியும் விதையும் கடையில் வாங்கவேண்டியவை ஆயின. ஒரு மரத்திற்கு விலை குறிக்கலாம். ஆனால் அம்மரம் ஒரே வேளையில் உணவாகவும் தொழுவமாகவும் கருவூலமாகவும் இருந்த இடத்தில், இழப்பீடு எதனை ஈடுசெய்கிறது என்ற வினாவையும் மாணவர் எழுப்பவேண்டும். வாய்ப்புச் செலவு என்னும் கருத்து உண்மையில் கற்பிப்பது அவ்வினாவையே.