குத்தகை

நிலத்தோடு பிறந்து வளர்ந்த சொல். விளைச்சலில் பங்கு தந்தால் அது வாரம். விளைந்தாலும் பொய்த்தாலும் பேசிய நெல்லையோ பணத்தையோ கொடுத்துவிட வேண்டுமென்றால் குத்தகை. தெலுங்கின் 'குத்த', கன்னடத்தின் 'குத்திகெ' இதன் உறவுகள்.

குத்தகைக்கான ஆங்கிலச் சொல் 'லீஸ்'. ஆனால் புது எஸ்யூவி எடுக்க நினைப்பவர் காதில் விழும் அந்தச் சொல்லின் பொருள் ஊருக்கு ஊர் வேறு. சென்னையில் வீட்டை லீசுக்கு எடுப்பது உண்மையில் ஒத்தி: மொத்தமாகக் கொடுத்த பணம் காலி செய்யும்போது திரும்பி வரும். இலங்கையில் வண்டிக்கு 'லீசிங்' போடுவது தவணையில் வாங்குவதுதான். கடைசித் தவணை முடிந்ததும் வண்டி பணம் கட்டியவருக்கே சொந்தம். அமெரிக்க லீஸ்தான் அசல் குத்தகை. பெரும்பாலும் 3 ஆண்டு. அதற்குள் வண்டியின் மதிப்பு எவ்வளவு குறையுமோ அதையும் வட்டியையும் மாதாமாதம் கட்டி, முடிவில் சாவியைத் திருப்பித் தர வேண்டும். ஆண்டுக்கு 10,000, 12,000 மைல் என்று வரம்பு உண்டு. மீறினால் மைல் கணக்கில் தனிக் கட்டணம். நெடுந்தூரம் ஓட்டுகிறவரும், ஒரே வண்டியைப் பத்தாண்டு வைத்திருக்க விரும்புகிறவரும் வாங்கிவிடுவதே நல்லது. குத்தகைக்கு எடுத்தவருக்கும் ஒரு வழி உண்டு: ஒப்பந்தத்தில் முன்பே எழுதிய விலையைக் கொடுத்து வண்டியைச் சொந்தமாக்கிக்கொள்ள அங்கே பெரும்பாலான நிறுவனங்கள் விடுகின்றன.