நீருக்கு அப்பால் பனிமலை: இமயத்தை ஒளிப்படமாக்கிய வரலாறு

இமயமலையின் பனிச்சிகரங்களை ஒளிப்படமாக்கும் பணி 1860-களில் வேகம் பெற்றது. அதில் முதன்மையானவர் சாமுவேல் போர்ன். இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் வங்கி ஊழியராக இருந்த இவர், 1863-இல் இந்தியா வந்தார். இவரும் சார்லஸ் ஷெப்பர்டும் நடத்திய 'போர்ன் அண்டு ஷெப்பர்டு' நிறுவனத்தின் கொல்கத்தா நிலையம் 2016-இல்தான் மூடப்பட்டது.

மூன்று பயணங்கள்

1863-இல் சிம்லாவிலிருந்து சுமார் முப்பது சுமையாட்களுடன் புறப்பட்ட போர்ன், பத்து வாரங்களில் 147 எதிர்ப்படங்களுடன் திரும்பினார். 1864-இல் காஷ்மீர் சென்றார். 1866-இல் ஸ்பிதி வழியாகச் சென்று, 18,000 அடிக்கும் மேல் உயரமான மணிரங் கணவாயில் படம் எடுத்தார். கங்கோத்ரி பனியாற்றையும் அப்பயணத்தில் பதிவு செய்தார்.

இமயத்தில் ஏரிகள் குறைவு என்பது அவருடைய குறை. ஆங்கிலேய ஓவிய மரபில் ஒரு நல்ல காட்சிக்கு முன்புறம் நீரும் பின்புறம் மலையும் வேண்டும். சிரீநகரின் தால் ஏரிப் பகுதியில் அந்த அமைப்பு அவருக்குக் கிடைத்தது.

வெள்ளையாகிப் போன வானம்

அக்காலத்து முறை 'ஈரக் கொலோடியன்'. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் நனைத்து, ஈரம் காயும் முன் படம் எடுத்துக் கழுவி முடிக்க வேண்டும். ஆகவே இருட்டறைக் கூடாரம், வேதிப்பொருள்கள், கண்ணாடித் தகடுகள் அனைத்தும் மலையேறின.

இத்தகடு நீல ஒளியை மிகுதியாகவும் சிவப்பு ஒளியை மிகக் குறைவாகவும் உணரும். எனவே நீல வானமும் வெண்பனியும் படத்தில் ஏறத்தாழ ஒன்றாகவே வெளுத்துவிடும். சிகரத்தின் விளிம்பு தெரியாது. பனிக்கு ஏற்ப நேரம் கொடுத்தால் கரையிலுள்ள மரங்கள் கருத்துவிடும். தகடு ஒளிபடும் சில நொடிகளில் காற்று வீசினால் நீரிலுள்ள பிம்பம் கலைந்துவிடும்.

வெளுத்த வானம் தமிழகத்துப் படங்களிலும் உண்டு. 1858-இல் மதுரை, தஞ்சாவூர்க் கோயில்களைப் படமெடுத்த லின்னேயஸ் டிரைப், மெழுகிட்ட காகித எதிர்ப்படங்களைப் பயன்படுத்தினார். தம் படங்கள் சிலவற்றில் எதிர்ப்படத்தின்மேல் வண்ணம் தீட்டி மேகங்களை உண்டாக்கினார். பழைய படங்களைச் சான்றாகக் கொள்ளும் மாணவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

1873-இல் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் ஃபோகெல், சாயம் சேர்த்தால் தகடு பிற நிறங்களையும் உணரும் எனக் கண்டறிந்தார். பின்னர் மஞ்சள் வடிகட்டியும் சேர்ந்தபோது வானம் கருமை பெற்றது. பனி தனித்துத் தெரிந்தது. 1899-இல் கஞ்சன்ஜங்காவைச் சுற்றி வந்த இத்தாலியர் விட்டோரியோ செல்லா கண்ணாடித் தகடுகளில் எடுத்த படங்கள் இன்றும் போற்றப்படுகின்றன.

சுமந்தவர்கள்

போர்ன் தம் பயணங்களை லண்டன் ஒளிப்பட இதழ் ஒன்றில் தொடராக எழுதினார். சுமையாட்கள் சுமையைப் போட்டுவிட்டு ஓடியதையும், தாம் கோலால் அடித்ததையும் அவரே அதில் பதிவு செய்துள்ளார். அவர்களை அவர் 'கூலி' என்றே குறிப்பிட்டார். தமிழில் உழைப்புக்கான ஊதியத்தைக் குறிக்கும் சொல், அங்கே ஆளையே குறித்தது. பனியில் கண்ணாடியைச் சுமந்த அவர்கள் விருப்பத்தோடு வந்தவர்கள் அல்லர் என்பதற்கு அந்த ஓட்டமே சான்று.

மலைநாடுகளில் 'பேகார்' என்னும் கட்டாய உழைப்பு நெடுங்காலம் நிலவியது. அதிகாரிகளும் பயணிகளும் வந்தால் ஊரார் சுமக்க வேண்டும். 1921 சனவரியில் குமாவுன் பகுதியின் பாகேசுவரத்தில் கூடிய மக்கள், சுமப்போர் பெயர் எழுதிய பதிவேடுகளைச் சரயு ஆற்றில் வீசி இதற்கு முடிவு கட்டினர்.

இன்று கைப்பேசியில் பனிமலையை எடுக்க ஒரு நொடி போதும். ஆயினும் கருவி வெண்பனியைச் சாம்பல் நிறமாகக் காட்டுவதுண்டு. ஒளியளவைச் சற்றுக் கூட்டினால் சரியாகும். போர்னின் படங்களோ அருங்காட்சியகங்களில் அவர் பெயரோடு இருக்கின்றன. அவற்றின் தகடுகளைச் சுமந்து ஏறியவர்களின் பெயர்கள் அப்படங்களின் கீழ் இல்லை.