குன்றின்மேல் கல் வீடுகள்

ஓசூரின் ஆலைகளைக் கடந்து கிருஷ்ணகிரி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் மொட்டைப் பாறைக் குன்றுகள் பல தென்படும். சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி மல்லசந்திரம் என்னும் சிற்றூர். அதன் குன்றில் ஏறினால், வெறும் பாறையின்மேல் கற்பலகைகளாலான சிறு அறைகளைக் காணலாம். பாண்டவர் வனவாசத்தில் தங்கிய வீடுகள் என்பது ஊர்க்கதை. குள்ள மனிதரின் வீடுகள் என்பாரும் உண்டு.

உண்மையில் இவற்றில் எவரும் வாழ்ந்ததில்லை. பெருங்கற்கால மக்கள் இறந்தோர்க்கு எழுப்பிய நினைவிடங்கள் இவை. தொல்லியலார் இவற்றைக் கற்திட்டைகள் என்பர்.

சுண்ணாம்பில்லாமல் இவை எவ்வாறு நிற்கின்றன? கருங்கல் வெயிலிலும் குளிரிலும் தகடு தகடாக உரியும் இயல்புடையது. நெருப்பு மூட்டிச் சூடேற்றியும் பலகைகளைப் பெயர்க்கலாம். நான்கு பலகைகளையும் சதுரமாக மூட்டாமல், ஒன்றின் ஓரம் அடுத்ததைத் தாண்டி நீளுமாறு சுழற்சியாக நிறுத்தினர். ஒவ்வொன்றும் அடுத்ததன்மேல் சாய்ந்து நிற்க, மேலே வைத்த மூடுகல்லின் எடை அனைத்தையும் இறுக்குகிறது. எளிய பொறியியல்தான், ஆயினும் வியக்கத்தக்கது!

ஒரு பலகையில் வட்டமான துளையொன்று உண்டு. பின்னர் வந்து எலும்புகளை வைக்கவோ படையலிடவோ அது பயன்பட்டிருக்கலாம். மெக்சிகோவில் பலெங்கே என்னும் மாயா நகரில், 683இல் இறந்த பாகால் மன்னனின் கல்லறை 1952இல் திறக்கப்பட்டது. அங்கும் கல்லறையிலிருந்து மேலேயுள்ள கோயில்வரை ஒரு குழாய் செல்கிறது! இவ்விரு மக்களும் ஒருவரையொருவர் அறியார். இறந்தவரோடு தொடர்பு அறுந்துவிடக் கூடாது என்னும் ஏக்கம் இருவருக்கும் பொது போலும்.

ஒரு வேற்றுமையும் உண்டு. மாயா மக்களிடம் இரும்பு இல்லை; நம் பெருங்கற்கால மக்களிடம் இருந்தது. இதே மாவட்டத்து மயிலாடும்பாறையில் 2021இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழ்ந்தபோது இரும்புக்கால மண்ணடுக்கில் கிடைத்த மாதிரி ஒன்றின் காலம் கி.மு. 2172 எனக் கணிக்கப்பட்டது. அதை அப்படியே மல்லசந்திரத்துக்கும் பொருத்திவிடுவது தவறு. ஒவ்வொரு திட்டையையும் தனியே ஆய்ந்துதான் அதன் வயதைக் கூற இயலும்.

ஆனால் ஆய்வதற்குத் திட்டை நிற்க வேண்டுமே! கல் உடைப்போரும் புதையல் தேடுவோரும் இங்கு வந்து போயினர். பெருங்கற்கால ஈமச்சின்னங்களில் பெரும்பாலும் கிடைப்பவை எலும்புத் துண்டுகளும் கறுப்பு சிவப்புப் பானை ஓடுகளும்தாம். பலகை ஒன்றை உருவினால் மற்றவை பிடிப்பிழக்கும், மூடுகல் சரியும். அவ்வாறு சரிந்து கிடப்பவை இக்குன்றில் பல.