கோப்பையின் அடியில் ஓர் அரச வம்சம்

1701இல் பெர்லினிலிருந்து 19 வயதுப் பையன் ஒருவன் ஓடிப்போனான். மருந்துக் கடையில் தொழில் பழகியவன். பெயர் யோஹான் போட்கர். மட்டமான உலோகத்தைத் தங்கமாக்கத் தெரியும் என்று சொல்லித் திரிந்ததுதான் வினையாயிற்று. பிரஷ்ய அரசரின் ஆட்கள் துரத்த, எல்லை தாண்டிச் சாக்சனிக்குள் நுழைந்தான். அங்கே ஆண்டவர் வெட்டின் வம்சத்து அகஸ்டஸ். போலந்துக்கும் அவரே அரசர். போருக்கும் ஆடம்பரத்துக்கும் எவ்வளவு பணம் வந்தாலும் போதாதவர். விடுவாரா? பையனைக் காவலில் வைத்துத் தங்கம் செய்யச் சொன்னார்.

தங்கம் வரவில்லை. அகஸ்டஸுக்கு இன்னொரு பித்தும் இருந்தது: பீங்கான். சீனாவின் ஜிங்டெசென் சூளைகளிலிருந்து கப்பலேறி வந்த அந்த வெள்ளைப் பாத்திரங்களுக்கு ஐரோப்பியப் பிரபுக்கள் காசைக் கொட்டினார்கள். செய்முறை மட்டும் அவர்களுக்குப் பிடிபடவே இல்லை. ஷிர்ன்ஹவுஸ் என்ற அறிஞர் போட்கரை அந்த ஆராய்ச்சியில் இறக்கினார். 1708 ஜனவரியில் வெண்களிமண்ணோடு அலபாஸ்டர் கல்லைக் கலந்து சுட்டபோது விடை கிடைத்தது. ஷிர்ன்ஹவுஸ் அந்த ஆண்டே இறந்துபோனார். 1710இல் மைசன் நகரின் குன்றுக் கோட்டையில் ஆலை தொடங்கியது. ரகசியத்தைக் காக்கக் கோட்டையைவிடப் பொருத்தமான இடம் ஏது?

ஆனாலும் அகஸ்டஸின் சீனப் பித்து தணியவில்லை. 1717இல் பிரஷ்ய அரசரிடமிருந்து 151 சீனப் பாத்திரங்களை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு 600 குதிரைப்படை வீரர்களை அனுப்பிவைத்தார். அந்தப் படைக்குப் ‘பீங்கான் ரெஜிமெண்ட்’ என்றே பெயர் நிலைத்தது.

ரகசியம் பத்து வருடம்கூடத் தாங்கவில்லை. வியன்னாவில் ஆலை தொடங்கிய து பாக்கியே மைசன் ஆலையில் ரகசியம் அறிந்த ஸ்டோல்ட்ஸல் என்பவருக்கு ஆசை காட்டி அழைத்துக்கொண்டார். பேசிய சம்பளம் வரவில்லை. 1720இல் ஸ்டோல்ட்ஸல் மைசனுக்கே திரும்பினார். கூடவே ஹெரோல்ட் என்ற ஓவியரையும் கூட்டிவந்தார். மைசனின் புகழ்பெற்ற வண்ணங்கள் அந்த ஓவியர் கைவண்ணம்.

அடுத்து வந்தது பெரும் காப்பியடிப்பு. தன் ஊரில் சொந்தச் சூளை இல்லாத இளவரசருக்கு மதிப்பில்லை என்ற நிலை. மதகுருமாரும் விலக்கல்ல. மைன்ஸ் பேராயரின் உரிமத்தோடு 1746இல் ஹோஷ்ட் ஆலை எழுந்தது. அதன் முத்திரை பேராயரின் சக்கரம். ஃபுல்டாவின் ஆயர்-இளவரசர் தம் பாத்திரங்களில் சிலுவையைப் பொறித்தார். ரிங்லர் என்ற வியன்னாக்காரர் ரகசியத்தை ஹோஷ்டுக்கும், பவேரியாவின் விட்டெல்ஸ்பாக் வம்சத்துக்கும் கொண்டுபோய், கடைசியில் வூர்ட்டெம்பர்க் கோமகனின் லுட்விக்ஸ்பர்க் ஆலையில் நிலைகொண்டார்.

கல்யாணமும் கைகொடுத்தது. அகஸ்டஸின் பேத்தி மரியா அமாலியா 1738இல் நேப்பிள்ஸ் அரசரை மணந்தார். 1743இல் அங்கே கப்போடிமோன்ட்டே ஆலை பிறந்தது. கணவர் ஸ்பெயினுக்கு அரசரானபோது சூளைத் தொழிலாளர்களும் மாட்ரிட்டுக்குக் கப்பலேறினார்கள். இதற்குள் கதை தலைகீழாகவும் திரும்பியிருந்தது: ஐரோப்பிய வியாபாரிகள் கேட்டதற்காகச் சீனக் கைவினைஞர்கள் மைசன் சித்திரங்களைப் பார்த்து வரைந்து அனுப்பினார்கள்!

600 வீரர்களைப் பெற்ற பிரஷ்ய அரசரின் மகன் இரண்டாம் பிரெடெரிக் 1756இல் சாக்சனிக்குள் படையோடு புகுந்தார். 1763இல் பெர்லின் ஆலையைத் தமதாக்கிக்கொண்டார். அதன் நீலச் செங்கோல் முத்திரை பிராண்டன்பர்க் சின்னத்திலிருந்து வந்தது. மைசனின் குறுக்கு வாள்கள் சாக்சனிச் சின்னத்திலிருந்து வந்தவை. இந்த ஆலைகளில் பலவற்றைப் பார்க்காமலே போட்கர் 37 வயதில் செத்துப்போனார். பீங்கானை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்த பெருமை இளவரசர்களைவிட, கைத்திறனை மட்டும் முதலாகக் கொண்டு அலைந்த ஸ்டோல்ட்ஸல், ரிங்லர் போன்ற மனிதர்களுக்கே சேர வேண்டும் என்பேன்.

1918இல் சாக்சனியின் வெட்டின் வம்சம் முடிதுறந்தது. மைசன் ஆலை இன்று சாக்சனி மாநில அரசுக்குச் சொந்தம். அந்த இரண்டு வாள்களையும் அங்கே இப்போதும் கையால்தான் வரைகிறார்கள்.