பள்ளிக்கூடம் கைவிட்ட ஒரு மொழி



குறில் நெடில் பாடத்தில் 'கல்', 'கால்' என்று நான் கரும்பலகையில் எழுதிப் போட்டது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கருங்கடலுக்கு வடமேற்கே, மால்டோவா நாட்டின் தெற்குப் பகுதியில் பேசப்படும் ககாவுஸ் மொழியிலும் அப்படி உண்டு. 'அச்' என்றால் பசி கொண்ட, 'ஆச்' என்றால் மரம்.

ககாவுஸ், துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. பேசுபவர்களோ ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள். தேவாலயத்தில் கடவுளை 'அல்லா' என்றுதான் அழைக்கிறார்கள். நோன்புக்கு 'ஒருச்' என்று பெயர். இவர்களின் முன்னோர் பல்கேரியாவின் வடகிழக்கில் வாழ்ந்தவர்கள். ரஷ்ய துருக்கியப் போர்க்காலங்களில், முக்கியமாக 1806 முதல் 1812 வரை நடந்த போரை ஒட்டி, இன்றைய இடத்துக்கு வந்து குடியேறினார்கள்.

இலக்கணம் நமக்கு எளிதாகப் புரியும். 'எவ்' என்றால் வீடு, 'எவ்லெர்' வீடுகள், 'எவ்லெர்தெ' வீடுகளில். நம்மைப் போலவே ஒட்டு மேல் ஒட்டு. ஆனால் ஒட்டின் உயிரெழுத்து, சொல்லின் உயிரெழுத்துக்கு இணங்க மாறும். 'அத்' என்ற குதிரை பன்மையில் 'அத்லர்' ஆகும், 'அத்லெர்' ஆகாது. இதற்காக இரண்டு மொழிகளும் உறவு என்று நினைத்துவிடாதீர்கள். அமைப்பில் ஒற்றுமை, அவ்வளவுதான்.

அக்கம்பக்கத்து மொழிகளோடு பழகியதில் இது நிறைய மாறியிருக்கிறது. துருக்கியில் வினைச்சொல் நம்முடையது போல வாக்கியத்தின் கடைசியில் வரும். ககாவுஸில் அது பெரும்பாலும் நடுவிலேயே வந்துவிடும். 'நேற்று வந்த பையன்' என்பதை, 'அனி' என்ற இணைப்புச் சொல்லைப் போட்டு, 'பையன், நேற்று வந்தானே அவன்' என்கிற போக்கில் சொல்கிறார்கள். இவ்வளவு கலந்தும் மொழி சாகவில்லை.

ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வந்தது. மிகாயில் சாகிர் என்ற பாதிரியார் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சமய நூல்களை இம்மொழியில் வெளியிட்டார். 1934இல் தம் மக்களின் வரலாற்றையும் எழுதினார். சோவியத் ஆட்சியில் 1957இல் ரஷ்ய எழுத்தை ஒட்டி அரிச்சுவடி அமைந்தது. 1958இல் பள்ளிகளில் பாடமானது. 1960களின் தொடக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். 1980களின் பிற்பகுதி வரை பள்ளியில் அதற்கு இடமில்லை. ஏறத்தாழ 25 ஆண்டுகள். வீட்டில் தாய்மொழி பேசி, ரஷ்ய மொழியில் மட்டுமே எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு தலைமுறை வளர்ந்தது.

1988இல் 'அனா சொசு', அதாவது தாய்ச்சொல், என்ற பத்திரிகை தொடங்கியது. 1994இல் தன்னாட்சி கிடைத்தது. கொம்ராத் தலைநகரம். எழுத்தும் பின்னர் லத்தீனுக்கு மாறியது. மொழி மறுபடி பாடமாகவும் இருக்கிறது. ஆனாலும் மற்றப் பாடங்கள் பெரும்பாலும் ரஷ்ய மொழியில்தான். சட்டம் வந்துவிட்டது, விட்டுப்போன பழக்கம் திரும்புவது கடினமாக இருக்கிறது.

பிறமொழிச் சொல் கலந்தால் தமிழ் அழிந்துவிடும் என்று நானும் வகுப்பில் பலமுறை கண்டித்திருக்கிறேன். இப்போது அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. என் பேத்தி என்னிடம் தமிழில் வாய் ஓயாமல் பேசுவாள். குறுஞ்செய்தி மட்டும் ஆங்கில எழுத்தில் வரும். உங்கள் வீட்டிலும் அப்படித்தானே? தினம் ஒரு வரி தமிழில் எழுதச் சொல்லுங்கள். பிழை இருந்தால் எனக்கு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன். சிவப்பு மை இன்னும் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்