பீட்டர் ஓ'சல்லிவன்: குதிரைப் பந்தயத்தின் குரல்

பீட்டர் ஓ'சல்லிவன் (மார்ச் 3, 1918 - ஜூலை 29, 2015) அயர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த குதிரைப் பந்தய நேர்முக வர்ணனையாளர், இதழாளர், பந்தயக் குதிரை உரிமையாளர். பிபிசியின் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஐம்பது ஆண்டுகள் வர்ணனை செய்தார். ஏறத்தாழ 14,000 பந்தயங்களை வர்ணித்ததாகக் கணக்கிடப்படுகிறது. கிராண்ட் நேஷனல் என்னும் புகழ்பெற்ற தடைதாண்டும் பந்தயத்தை மட்டும் 50 முறை வர்ணித்தார். 'பந்தயத்தின் குரல்' என்று அழைக்கப்பட்டார்.

ஓ'சல்லிவன் பந்தயத்துக்கு வெளியே நின்று பார்த்தவர் அல்ல. அவர் பணம் கட்டுபவர், குதிரைகள் வைத்திருந்தவர், எந்தக் குதிரை வெல்லும் என்று நாளிதழில் துப்பு எழுதியவர். இத்தனை சொந்த ஈடுபாடுகள் கொண்ட ஒருவரின் குரலை எந்தச் சார்பும் இல்லாத குரல் என்று லட்சக்கணக்கானவர்கள் அரை நூற்றாண்டு நம்பினார்கள். அந்த நம்பிக்கை எப்படி உருவானது என்பதே அவர் வாழ்க்கையில் கவனிக்கத்தக்கது.

இளமை

அயர்லாந்தில் பிறந்தார். தந்தை ராணுவத்தில் கர்னலாக இருந்தவர். குழந்தைப் பருவத்திலேயே இங்கிலாந்தின் சர்ரே பகுதிக்குக் கொண்டுவரப்பட்டு, தாய்வழித் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தார். சார்ட்டர்ஹவுஸ் பள்ளியிலும் பின்னர் சுவிட்சர்லாந்திலும் படித்தார். ஆஸ்துமாவும் தோல்நோயும் இளமை முழுக்க அவரைத் துன்புறுத்தின.

1928-ல், பத்து வயதில், கிராண்ட் நேஷனல் பந்தயத்தில் டிப்பரரி டிம் என்ற குதிரையின்மேல் ஆறு பென்னிக் கணக்கில் பணம் கட்டினார். ஒன்றுக்கு நூறு என்ற விகிதத்தில் யாரும் பொருட்படுத்தாத குதிரை அது. அன்று ஓடிய 42 குதிரைகளில் இரண்டு மட்டுமே பந்தயத்தை முடித்தன. முதலில் வந்தது டிப்பரரி டிம். பந்தயம் ஒரு சிறுவனைப் பிடித்துக்கொள்ள இதைவிட நல்ல வழி இருக்கமுடியாது.

இரண்டாம் உலகப்போரில் உடல்நிலை காரணமாகப் படையில் சேர்க்கப்படவில்லை. லண்டன் குண்டுவீச்சின்போது செல்சீ பகுதியில் குடிமைப் பாதுகாப்புப் பணியில் இருந்தார். 1944-ல் பிரஸ் அசோசியேஷன் செய்தி நிறுவனத்தில் பந்தயச் செய்தியாளராகச் சேர்ந்தார். 1950 முதல் 1986 வரை டெய்லி எக்ஸ்பிரஸ் நாளிதழில் எழுதினார். 1951-ல் கனடாவைச் சேர்ந்த பாட்ரிசியாவை மணந்தார்.

அவருக்கு முன்

கிராண்ட் நேஷனல் பந்தயம் முதன்முதலில் வானொலியில் ஒலிபரப்பானது 1927-ல். வர்ணனை செய்தவர் மெய்ரிக் குட் என்ற பந்தய இதழாளர். அன்று ஸ்ப்ரிக் என்ற குதிரை வென்றது. அதன் ஜாக்கி டெட் லீடர் கடைசிக் கட்டத்தில் முந்தி வந்தபோது, குட் வர்ணனையை மறந்து ஒலிவாங்கியிலேயே அவர் பெயரைச் சொல்லி உற்சாகப்படுத்தினார் என்று சொல்லப்படுவதுண்டு. அன்றைய கேட்பவர்களுக்கு அது தவறாகத் தெரிந்திருக்காது. வர்ணனையாளர் என்பவர் வானொலி வசதியுடன் அரங்கில் நிற்கும் இன்னொரு ரசிகர், அவ்வளவுதான்.

அக்காலத்தில் வர்ணனையாளருக்கு அருகே இன்னொருவர் தொலைநோக்கியுடன் நின்று எந்தக் குதிரை எங்கே வருகிறது என்று காதில் சொல்லிக்கொண்டிருப்பார். கேட்டதைத் திரும்பச் சொல்வதே வர்ணனை. எவர் உதவியும் இல்லாமல் தானே பார்த்து, அடையாளம் கண்டு, அதே கணத்தில் சொல்லும் முறைக்கு மாறிய முதல் தலைமுறையைச் சேர்ந்தவர் ஓ'சல்லிவன். 1940-களின் இறுதியில் வானொலியில் தொடங்கினார். 1947-ல் அவர் வர்ணித்த முதல் கிராண்ட் நேஷனலில் 57 குதிரைகள் ஓடின. அன்று மூடுபனி. வென்றது காவ்கூ என்ற அயர்லாந்துக் குதிரை. அதுவும் ஒன்றுக்கு நூறு!

வர்ணனை முறை

குதிரைப் பந்தயத்தில் குதிரையை முகம் பார்த்து அடையாளம் காணமுடியாது. ஜாக்கி அணிந்திருக்கும் சட்டையும் தொப்பியுமே அடையாளம். ஒவ்வொரு உரிமையாளருக்கும் பதிவுசெய்யப்பட்ட நிறமும் வடிவமும் உண்டு. மஞ்சளில் கறுப்புப் பட்டை, நீலத்தில் வெள்ளைப் புள்ளி, பச்சையில் சிவப்புக் கைகள் என நாற்பது சேர்க்கைகள். ஒரே உரிமையாளரின் இரு குதிரைகள் ஓடினால் தொப்பி மட்டும் வேறுபடும். மழைநாளில் பாதித் தூரத்தில் எல்லாச் சட்டையும் சேற்றின் நிறமாகிவிடும்.

ஓ'சல்லிவன் பந்தயத்துக்கு முந்தைய நாளே அட்டைகளில் வண்ணம் தீட்டி எல்லாச் சட்டைகளையும் வரைந்து மனப்பாடம் செய்வார். பந்தயம் முடிந்ததும் அதை முழுக்க மறந்துவிடவேண்டும், இல்லையென்றால் அடுத்த பந்தயத்தில் பழைய பெயர் நாவில் வந்துவிடும். அவர் பயன்படுத்திய பெரிய தொலைநோக்கி ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றிலிருந்து வந்தது.

தொலைக்காட்சி வந்தபின் வர்ணனையாளரின் தேவை குறையும் என்றுதான் தோன்றும். படம் தெரிகிறதே. உண்மையில் தேவை கூடியது. 1960-களின் இறுதிவரை பார்வையாளர்கள் கண்டது கறுப்புவெள்ளைப் படம். சட்டைகளின் நிறம் திரையில் தெரியாது. சாம்பல் நிறத்தில் ஓடும் ஒரு கூட்டத்தைப் பெயர்களாகப் பிரித்துக்கொடுத்தது அவர் குரல் மட்டுமே. பணம் கட்டியவர் தன் குதிரை எங்கே என்று அறிய வேறு வழியில்லை.

அவர் பந்தயத்தைத் தாழ்ந்த, சற்றுக் கரகரத்த குரலில் தொடங்குவார். கடைசித் தடை தாண்டும்வரை குரலை உயர்த்தமாட்டார். வேகம் கூடும், சொற்கள் நெருங்கும், ஆனால் கத்தல் இருக்காது. மலிவான உணர்ச்சிகரத்தை நம்பாத குரல் அது. முதல் நிமிடத்திலேயே உச்சத்துக்குச் செல்லும் இன்றைய விளையாட்டு வர்ணனைகளைக் கேட்டுப் பழகியவர்களுக்கு அது குறையாகக்கூடத் தோன்றலாம்.

சொந்தக் குதிரை

ஓ'சல்லிவனின் குதிரைகள் நெடுங்காலம் தோற்றுக்கொண்டே இருந்தன. பின்னர் பி ஃபிரெண்ட்லி என்ற குதிரை வந்தது. 1966-லும் 1967-லும் ஹேடாக் மைதானத்தில் குறுந்தூரக் கோப்பையை வென்றது. 1968-ல் பாரீஸில் அபே பரிசை வென்றது.

அடுத்தது அட்டிவோ. 1974 மார்ச்சில் செல்ட்டன்ஹாமில் டிரயம்ஃப் ஹர்டில் பந்தயத்தில் அது ஓடியது. வர்ணித்தவர் அதன் உரிமையாளரே. தன் குதிரை முன்னணியில் வருவதையும் கடைசித் தடையைத் தாண்டுவதையும் மற்றக் குதிரைகளைச் சொல்லும் அதே தொனியில் சொன்னார். வென்ற குதிரையின் விவரத்தை அறிவிக்கையில், பயிற்சியாளர் சிரில் மிட்செல், ஜாக்கி ராபர்ட் ஹியூஸ் ஆகிய பெயர்களுடன் உரிமையாளர் பீட்டர் ஓ'சல்லிவன் என்பதையும் யாரோ ஒருவரைப்போலச் சொல்லி முடித்தார். அதே ஆண்டு அட்டிவோ செஸ்டர் கோப்பையையும் நார்தம்பர்லண்ட் பிளேட்டையும் வென்றது.

பிரிட்டனில் அவருடைய வர்ணனைகளில் இதுவே மிக அதிகமாக நினைவுகூரப்படுவது. மெய்ரிக் குட் தனக்குப் பிடித்த ஜாக்கியைக் கண்டு தன்னை மறந்ததற்கும் இதற்கும் இடையே 47 ஆண்டுகள். அந்த இடைவெளியில் வர்ணனை ஒரு தொழிலாகியிருந்தது.

கிராண்ட் நேஷனல்

லிவர்பூல் அருகே ஐன்ட்ரீயில் நடக்கும் கிராண்ட் நேஷனல் நான்கு மைலுக்கும் மேற்பட்ட தூரம், 30 தடைகள் கொண்டது. தொலைக்காட்சியில் முதலில் ஒளிபரப்பானது 1960-ல். மைதானம் பெரிது என்பதால் பலர் பகிர்ந்து வர்ணித்தனர். கடைசிப் பகுதி ஓ'சல்லிவனுடையது.

1973 பந்தயத்தில் கிரிஸ்ப் என்ற ஆஸ்திரேலியக் குதிரை மிகப்பெரிய இடைவெளியில் முன்னால் ஓடியது. ஆனால் அது சுமந்த எடை 12 ஸ்டோன், அதாவது சுமார் 76 கிலோ. பின்னால் வந்த ரெட் ரம் அதைவிடப் பத்துக் கிலோ குறைவாகச் சுமந்தது. வலிமையான குதிரைக்கு அதிக எடை ஏற்றி எல்லாருக்கும் வாய்ப்பைச் சமமாக்கும் முறை அது. கடைசித் தடைக்குப்பின் கிரிஸ்ப் தளர்ந்து வழிவிலகத் தொடங்குவதை ஓ'சல்லிவன் உடனே கண்டுகொண்டார். எல்லைக்கோட்டை நெருங்கும்போது ரெட் ரம் முக்கால் குதிரை நீளத்தில் முந்தியது. வென்ற குதிரைக்குச் சமமாகத் தோற்ற குதிரையின் துயரும் அந்த வர்ணனையில் உண்டு. ரெட் ரம் 1974-லும் 1977-லும் மீண்டும் வென்றது.

1993 ஏப்ரல் 3 அன்று நடந்தது வேறுவகை. புறப்பாட்டு நாடா ஒரு ஜாக்கியின் கழுத்தில் சுற்றிக்கொண்டது. பந்தயம் நிறுத்தப்பட்டதற்கான சைகை சென்றுசேரவில்லை. 39 குதிரைகளில் 30 ஓடத் தொடங்கிவிட்டன. எஷா நெஸ் முதலில் வந்தது, ஆனால் பந்தயம் செல்லாது என அறிவிக்கப்பட்டது. சுமார் ஏழரைக் கோடி பவுண்டு பந்தயப் பணம் திருப்பித்தரப்பட்டது. ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை வர்ணித்தபடியே, இது பந்தயம் அல்ல என்றும் பார்வையாளர்களிடம் சொல்லவேண்டிய நிலை வர்ணனையாளருக்கு. ஜாக்கிகளுக்குத் தெரியாதது வீட்டில் அமர்ந்திருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. கிராண்ட் நேஷனல் வரலாற்றின் மிகப்பெரிய பேரழிவு என்று அவர் அதைக் குறிப்பிட்டார்.

அவருடைய ஐம்பதாவது கிராண்ட் நேஷனல் 1997-ல். ஐரிஷ் குடியரசுப் படையின் வெடிகுண்டு மிரட்டலால் சனிக்கிழமை மைதானம் முழுக்கக் காலிசெய்யப்பட்டது. திங்கட்கிழமை நடந்த பந்தயத்தில் லார்ட் கில்லீன் வென்றது.

கிண்டியும் தமிழும்

சென்னை கிண்டியில் 1777-லேயே குதிரைப் பந்தயம் தொடங்கியதாகச் சொல்லப்படுகிறது. சென்னை ரேஸ் கிளப் 1896-ல் அமைந்தது. 1945-ல் 160 ஏக்கர் அரசு நிலம் ஆண்டுக்கு 614 ரூபாய்ச் சொச்சம் வாடகையில் 99 ஆண்டுக் குத்தகைக்கு அளிக்கப்பட்டது. 1974-ல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுவதைத் தடைசெய்யச் சட்டம் கொண்டுவந்தது. வழக்கு நீண்டு, ஜனவரி 12, 1996-ல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் அதிர்ஷ்டத்தைவிடத் திறமையை முதன்மையாகக் கொண்டது, ஆகவே சூதாட்டம் அல்ல என்று தீர்ப்பளித்தது. குத்தகை பாக்கி தொடர்பான வழக்குகளுக்குப்பின் செப்டம்பர் 2024-ல் அரசு குத்தகையை ரத்துசெய்து நிலத்தை எடுத்துக்கொண்டது.

இந்த நீண்ட வரலாற்றில் குதிரைப் பந்தயத்துக்கென ஒரு தமிழ்க்குரல் நிலைபெறவில்லை. கிண்டியில் ஒலித்த வர்ணனை ஆங்கிலம். பந்தயம் ஜமீன்தார்கள், தொழிலதிபர்களின் விளையாட்டாகவும், எளியவர்களுக்கு வீட்டில் சொல்லக்கூடாத ரகசியமாகவும் இருந்ததால் வானொலி அதைத் தமிழில் கொண்டுசெல்ல முனையவில்லை. தமிழில் நேர்முக வர்ணனை வளர்ந்தது கிரிக்கெட்டில். கூத்தபிரான், சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றவர்கள் அதற்கான சொற்களை உருவாக்கினார்கள். கிரிக்கெட்டில் பந்துக்குப் பந்து இடைவெளி உண்டு, ஒரு நகைச்சுவை சொல்ல நேரமுண்டு. குதிரைப் பந்தயம் அந்த மூச்சுவிடும் இடத்தைத் தருவதில்லை. தமிழின் நீண்ட வினைமுற்றுகளை வைத்துக்கொண்டு நாற்பது குதிரைகளைத் தொடர்வது எப்படி என்பது யாரும் தீர்த்துப்பார்க்காத சிக்கல்.

இறுதிக்காலம்

ஓ'சல்லிவனின் கடைசி வர்ணனை நவம்பர் 29, 1997 அன்று நியூபரி மைதானத்தில் ஹென்னெசி தங்கக் கோப்பை. சனி பே என்ற குதிரை வென்றது. ஒலிவாங்கியை வைத்துவிட்டுக் கீழே வந்தார். அடுத்த பந்தயத்தில் அவருடைய சொந்தக் குதிரை சவுண்ட்ஸ் ஃபைன் வென்றது. அதை அவர் வர்ணிக்க வேண்டியிருக்கவில்லை.

அதே ஆண்டு சர் பட்டம் பெற்றார். அவருடைய தன்வரலாறு 1989-ல் வெளிவந்திருந்தது. ஓய்வுக்குப்பின் ஜாக்கிகள் சாட்டையை அளவுமீறிப் பயன்படுத்துவதை எதிர்த்துப் பேசினார். வாழ்நாள் முழுக்கக் குதிரைகளின் ஓட்டத்தில் மகிழ்ந்தவர் அந்த ஓட்டத்துக்கு அவை கொடுக்கும் விலையை முதுமையில் அதிகம் பேசினார் என்பது ஒரு முரண்தான். மனைவி 2010-ல் மறைந்தார். ஓ'சல்லிவன் ஜூலை 29, 2015-ல் லண்டனில் தன் இல்லத்தில் 97 வயதில் காலமானார்.

1997-ல் அவர் பெயரில் தொடங்கப்பட்ட அறக்கட்டளை விலங்கு நலனுக்கும் பந்தயத் தொழிலாளர் நலனுக்கும் உழைக்கும் ஆறு அமைப்புகளுக்கு நிதியளித்தது. அவற்றில் ஒன்றான புரூக், ஏழை நாடுகளில் சுமை இழுக்கும் குதிரைகளுக்கும் கழுதைகளுக்கும் மருத்துவம் பார்க்கும் அமைப்பு. வட இந்தியாவின் செங்கல் சூளைகளில் அது பணியாற்றுகிறது.